பொய்த்த காரணமும் நிலைத்த பெயரும்: ஆங்கில அறிவியற் சொற்களின் பொருள்கோள் பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஆங்கில அறிவியல் நூலொன்றைப் பயிலப் புகும் தமிழ் மாணவன் முதலிற் கைக்கொள்ளும் துணை அகராதியே ஆகும். அருகி வழங்கும் சொற்களுக்கும் கலைச்சொற்களுக்கும் அகராதிகள் இருவகையாற் பொருள் கூறுகின்றன. அச்சொல் கிரேக்கத்திலோ இலத்தீனிலோ எவ்வேர்களினின்று பிறந்தது என்று காட்டி, அவ்வேர்களின் பொருளைக் கூட்டியுரைத்தல் ஒருவகை. அச்சொல் இன்று அறிவியலாரிடையே எப்பொருளைக் குறித்து வழங்குகின்றது என்று வரையறுத்துரைத்தல் மற்றொரு வகை. முன்னதை வேர்ப்பொருள் என்றும், பின்னதை வழக்குப்பொருள் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

இவ்விரண்டும் ஒத்துச் செல்லுமிடத்து இடர்ப்பாடு யாதும் இல்லை. 'மைக்கிராஸ்கோப்பு' என்பதன் வேர்ப்பொருள் சிறியதை நோக்குவது என்பது. அக்கருவி செய்யும் தொழிலும் அதுவே. ஆதலின் நுண்ணோக்கி என்று தமிழாக்கியது எவ்வகையானும் பொருத்தமுடைத்து. ஆயின் வேர்ப்பொருளும் வழக்குப்பொருளும் தம்முள் முரணும் இடங்கள் பல உள. அவ்விடங்களில் வேரையே பொருளாகக் கொண்டு விளக்குவதும், அவ்வேரையே தமிழில் பெயர்த்துக் கலைச்சொல்லாக்குவதும் என்ன விளைவைத் தரும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தமிழில் அறிவியல் கூறும் முயற்சி நெடிய வரலாறுடையது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்து, தமிழிலேயே மாணவர்க்கு மருத்துவம் பயிற்றினார். 1916-இல் சேலத்தில் சி. இராசகோபாலாச்சாரியாரும் அவர்தம் நண்பரும் அறிவியற் சொற்களை ஆராய்தற்கென்றே ஓர் இதழ் தொடங்கினர். சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1960-களில் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டது. இன்னோர் உழைப்பு இன்றேல் இத்தகைய ஆராய்ச்சிக்கே இடமில்லை. அவர்கள் வகுத்த பாதையில் பின் நடப்போர் இடறும் இடம் எது என்று காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம். குறை கூறுதல் அன்று.

2. பெயரும் காரணமும்

ஒரு சொல் ஒரு பொருளைக் குறித்தற்குரிய காரணம் எல்லார்க்கும் வெளிப்படையாகத் தோன்றுவதன்று என்பது தொல்காப்பியர் உரியியலிற் கொண்ட கருத்தாகும். பின் வந்த நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். மரம் என்பது இடுகுறி. பறத்தலாற் பறவை என்பது காரணம். உரையாசிரியர்கள் இவ்விரண்டற்கும் இடைப்பட்ட காரண இடுகுறி என்பதொன்றையும் விளக்கினர். முள்ளுடைமை பற்றி எழுந்த முள்ளி என்னும் பெயர் முள்ளுடைய செடிகள் அனைத்தையும் குறியாது, அவற்றுள் ஒன்றற்கே உரியதாய் நிற்றலின் காரண இடுகுறியாயிற்று. இங்குக் காரணம் மெய்யானதே. அஃது ஓரெல்லையுள் அடங்கி நின்றது, அவ்வளவே.

நாட்டு வழக்கில் இன்னுமொரு நிலையையும் காண்கின்றோம். எண்ணெய் என்பது எள்ளினின்று பெறும் நெய், காரணப்பெயர். இன்றோ தேங்காயெண்ணெய் என்கின்றோம், மண்ணெண்ணெய் என்கின்றோம். பின்னதில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. எனினும் கேட்போர் எவரும் மயங்குவதில்லை. ஆங்கிலத்தில் எண்ணெயைக் குறிக்கும் 'ஆயில்' என்னும் சொல்லின் வரலாறும் இதனை ஒத்ததே. அஃது ஒலிவ மரத்தின் காயினின்று பிழிந்த நெய்யைக் குறித்த கிரேக்கச் சொல்லினின்று இலத்தீன் வழியாக வந்தது. இரு மொழியிலும் காரணம் நீங்கியபின் பெயர் இடுகுறிபோல நின்று நிலவுகின்றது. 'ஆயில்' என்பதற்கு ஒலிவச் சாறு என்று பொருளெழுதும் அகராதி ஆசிரியர் ஒருவரும் இரார்.

அறிவியற் சொற்களில் இந்நிலைக்கும் அப்பாற்பட்ட ஒரு வகை உண்டு. பெயரிட்ட காலத்து உண்மையென்று கருதப்பட்ட காரணம், பின்னர் ஆய்வினாற் பொய்யென்று தெளியப்பட்டிருக்கும். பெயரோ மாறாது நின்றிருக்கும். இதனைக் காரண இடுகுறி என்று கூறுதல் சாலாது. அங்குக் காரணம் சுருங்கியது. இங்குக் காரணம் அழிந்தது. இத்தகையவற்றைக் காரணம் பொய்த்த பெயர்கள் என்று தனியே வகைப்படுத்துதல் தகும்.

3. காரணம் பொய்த்த பெயர்கள்

முதலில் 'ஆக்சிசன்' என்பதனை நோக்குவோம். இவ்வளியை 1774-இல் பிரித்துணர்ந்த பிரீஸ்ட்லி அதற்கு வேறு பெயர் இட்டிருந்தார். இலவாசியே என்னும் பிரெஞ்சு அறிஞர், எல்லா அமிலங்களிலும் இவ்வளி உள்ளது என்றும், அமிலத் தன்மைக்கு இதுவே காரணம் என்றும் கருதி, அமிலத்தை ஆக்குவது என்னும் பொருள்பட இரு கிரேக்க வேர்களை இணைத்து இப்பெயரை அமைத்தார். அவரும் அவருடன் மூவரும் இயற்றி 1787-இல் வெளியிட்ட வேதியியற் பெயரீட்டு நூலினால் இப்பெயர் நிலைபெற்றது. ஆனால் 1810-இல் ஆங்கில அறிஞர் டேவி, உப்பிலிருந்து பெறும் அமிலத்தில் ஐதரசனும் குளோரினும் அன்றி ஆக்சிசன் இல்லை என்று காட்டினார். காரணம் அன்றே பொய்த்தது. பெயரை மாற்றுவார் எவரும் இலர்.

அடுத்து, இதயத்தினின்று குருதியைக் கொண்டு செல்லும் குழாய்க்கு வழங்கும் 'ஆர்ட்டரி' என்னும் பெயர். இக்கிரேக்கச் சொல் பண்டு மூச்சுக்குழாயையும் குறித்தது. இறந்த உடலை அறுத்து நோக்கியவர்கள் இக்குழாய்கள் பெரும்பாலும் வெறுமையாய் இருப்பக் கண்டனர். அவை உயிர்ப்பினையே கொண்டு செல்கின்றன என்று கருதினர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டினராகிய எரசிசுத்திராத்தசு இக்கொள்கையினர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் காலென் அவற்றுள் இருப்பது குருதியே என்று காட்டினார். மூச்சுக்குழாயின் இன்றைய மருத்துவப் பெயராகிய 'டிரக்கியா' என்பது, கரடான ஆர்ட்டரி என்று பொருள்படும் கிரேக்கத் தொடரின் அடைமொழி மட்டும் தனித்து நின்றதேயாம். அடைமொழி மூச்சுக்குழாய்க்குச் சென்றது. அடைகொண்ட பெயர் குருதிக்குழாய்க்கு நின்றது.

மூன்றாவது 'மலேரியா'. தீய காற்று என்னும் பொருளுடைய இத்தாலியத் தொடர் இது. சதுப்பு நிலங்களினின்று எழும் கெட்ட காற்றே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்று கருதிய காலத்தின் எச்சம். 1880-இல் அல்சீரியாவில் இலாவரான் நோயாளர் குருதியில் இதற்குரிய நுண்ணுயிரைக் கண்டார். 1897-இல் செக்கந்திராபாத்தில் ரொனால்டு ராசு கொசுவின் உடலினுள் அதனைக் கண்டார். காற்றின்மேற் சுமத்திய பழி கொசுவின்மேற் சென்றது. பெயரில் மட்டும் காற்றே இன்றும் நிற்கின்றது.

நான்காவது 'வைட்டமின்'. 1912-இல் காசிமிர் பங்க் என்பார், உயிர்க்கு இன்றியமையாத இச்சத்துக்கள் அமீன் என்னும் நைட்டிரசன் கலந்த சேர்மங்களே என்று கருதி, உயிர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லோடு அமீன் என்பதனைச் சேர்த்துப் பெயரிட்டார். பின்னர்க் கண்டவற்றுட் சில அமீன்கள் அல்ல என்று தெரியவந்தது. 'சி' என்னும் எழுத்தாற் குறிக்கப்பெறும் வைட்டமினில் நைட்டிரசனே இல்லை. எனவே 1920-இல் திரம்மண்டு என்பார் அச்சொல்லின் ஆங்கில எழுத்துவடிவில் ஈற்றெழுத்தை மட்டும் நீக்கினால் அமீன் என்னும் பொருள் தோன்றாதொழியும் என்று கூறினார், அதுவே வழக்காயிற்று. ஒரு கொள்கையின் பிழை ஓரெழுத்தின் நீக்கத்தால் திருத்தப்பட்டமைக்கு இஃதோர் அரிய சான்று.

இறுதியாக அணுவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பகுக்கவியலாதது என்பதே அதன் கிரேக்க வேர்ப்பொருள். 1897-இல் தாம்சன் எலக்ட்ரானைக் கண்டபோதே அணுவினுள்ளும் உறுப்புக்கள் உண்டு என்பது வெளிப்பட்டது. 1938-இல் யுரேனிய அணுவின் கரு பிளவுபடுதலும் அறியப்பட்டது. அணுவைப் பிளத்தல் என்பதனை ஆங்கிலத்திற் கூறுவோர், வேர்ப்பொருள் நோக்கின், பகுக்கவியலாததனைப் பகுத்தல் என்றே கூறுகின்றனர். ஆயினும் அவருள் எவரும் அம்முரணை உணர்வதில்லை.

உணராமைக்குக் காரணம் யாது? அவ்வேர் கிரேக்கத்தது, ஆங்கில மாணவனுக்கு அது புலப்படாது. அவன் செவிக்கு அச்சொல் வெறும் இடுகுறியே. பொய்த்த காரணம் அவன் மொழியில் உறங்கிக் கிடக்கின்றது. அதனால் அது தீங்கு செய்வதில்லை.

4. காரணம் நாடாது பெயரிட்டோர்

கொள்கை மாறினும் மாறாத பெயர் வேண்டும் என்பதனைப் பெயரிட்டோருள் சிலர் முன்னரே உணர்ந்திருந்தனர். இலவாசியேயின் பெயரீடு பிழைத்தமையைக் காட்டிய டேவியே, தாம் தனிமம் என்று நிறுவிய வளிக்குப் பெயரிடுங்கால் அதன் நிறத்தையே பற்றுக்கோடாகக் கொண்டார். பசுமையும் மஞ்சளும் கலந்த நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று 'குளோரின்' என்னும் பெயர் பிறந்தது. கண்ணாற் காணும் நிறம் எக்கொள்கை வீழினும் வீழாது என்பது அவர் கருத்து.

இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு, மின்பகுப்புப் பற்றி 1834-இல் பாரடே வழங்கிய சொற்கள். கரைசலினுள் மின்னோட்டம் புகும் வாயிலையும் வெளிப்படும் வாயிலையும் குறிக்க அவருக்குப் பெயர்கள் வேண்டியிருந்தன. மின்னோட்டத்தின் திசை பற்றிய கொள்கை பிற்காலத்து மாறக்கூடும் என்று அவர் அஞ்சினார். நேர், எதிர் என்னும் குறிகளைப் பெயரினுட் புகுத்த அவர் விரும்பவில்லை. கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்து அறிஞர் வில்லியம் வீவெல் என்பாரைக் கலந்து, 'அனோடு', 'கத்தோடு' என்னும் சொற்களைத் தேர்ந்தார். மேலேறும் வழி, கீழிறங்கும் வழி என்பன அவற்றின் பொருள். நிலவுலகின் காந்தத் தன்மை, அதனைச் சூழ்ந்து ஞாயிற்றின் போக்கில் கிழக்கினின்று மேற்கே செல்லும் மின்னோட்டத்தால் எழுவதாகப் பாவித்து, ஞாயிறு எழும் திசை ஒன்றற்கும் விழும் திசை மற்றொன்றற்குமாக அவர் அப்பெயர்களைப் பொருத்தினார். இப்பெயர்கள் எவ்வகைக் கொள்கையையும் வற்புறுத்தாது, இடத்தை மட்டும் சுட்டி நின்றன. பின்னர் எலக்ட்ரான் கண்டறியப்பட்டு மின்னோட்டக் கொள்கை மாறியபோதும் அவை மாற வேண்டாதவாயின.

5. தமிழாக்கத்தில் நேர்ந்தவை

இனித் தமிழிற்கு வருவோம். பிறமொழியார் செய்ததனை ஒப்பு நோக்குதல் முதற்கண் பயன்படும். செருமானியர் ஆக்சிசனின் வேரைத் தம் மொழியிற் பெயர்த்து, 'சவர்ஸ்டாஃப்' என்றனர். புளிப்புப் பொருள் என்பது அதன் வெளிப்படையான பொருள். இலவாசியேயின் பிழை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கிரேக்கத் திரைக்குள் மறைந்திருப்ப, செருமானியத்தில் சிறுவரும் அறியும் சொல்லாக வெளியில் நிற்கின்றது.

தமிழர் இவ்வழிச் செல்லவில்லை. முன்னர்ப் பிராணவாயு என்றும் பின்னர் உயிர்வளி என்றும் வழங்கினர். இவை வேரை நோக்காது, அவ்வளி மக்கள் உயிர்ப்பிற்குச் செய்யும் உதவியை நோக்கி எழுந்தவை. இவையும் முற்றும் குறையற்றன அல்ல. இசிவு நோயை விளைக்கும் நுண்ணுயிர் போல்வனவற்றிற்கு இவ்வளியே பகை. எனினும் இக்குறை முள்ளி என்னும் பெயரின் குறையை ஒத்தது. காரணம் மெய்யாயினும் எல்லையுடையது. புளிப்புப் பொருள் என்பதிலோ காரணமே பொய். இவ்விரண்டற்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

அணு என்னும் சொல்லிலும் தமிழ் தப்பியது. வடமொழியிலும் தமிழிலும் வழங்கும் இச்சொல் நுண்மையைக் குறிப்பதன்றிப் பகவாமையைக் குறிப்பதன்று. ஆதலின் அணுப்பிளவு என்னும் தொடரில் முரண் யாதும் இல்லை. வைட்டமினுக்கு உயிர்ச்சத்து என்று கூறியோர் அச்சொல்லின் முற்பாதியை மட்டும் கொண்டனர். பொய்த்த பிற்பாதி தமிழிற் புகவில்லை. மலேரியாவைக் குறிக்க நம் நாட்டு மக்கள் வழங்கிய குளிர்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்னும் பெயர்கள் நோயின் குறியையும் அது முறைவைத்து வருதலையுமே சொல்லின. காரணம் கூறப் புகவில்லை. அதனால் பிழைபடவும் இல்லை.

'ஆர்ட்டரி' என்பதற்கு நாம் வழங்கும் தமனி என்னும் வடசொல்லின் செய்தி சுவையுடையது. ஊதுதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்த அச்சொல் ஊதுகுழலையும் உடலின் குழாய்களையும் குறித்தது. கிரேக்கச் சொல்லிற் காணும் காற்றின் தொடர்பு இதிலும் உண்டு. எனினும் தமிழ் மாணவனுக்கு அவ்வேர் புலப்படுவதில்லை. ஆங்கில மாணவனைப்போலவே அவனும் அதனை இடுகுறியாகக் கொள்கின்றான், மயக்கம் நேர்வதில்லை.

இடர் நேர்ந்தது வேறிடத்தில். பாரடேயின் சொற்களைத் தமிழாக்கியோர் 'அனோடு' என்பதனை நேர்மின்வாய் என்றும், 'கத்தோடு' என்பதனை எதிர்மின்வாய் என்றும் பெயர்த்தனர். மின்பகுப்புக் கலத்தினை மட்டும் நோக்குவார்க்கு இது பொருந்தும். அங்கு அனோடு நேர்மின் முனையோடு இணைந்ததே. ஆனால் அனோடு என்பதன் இன்றைய வரையறை, எலக்ட்ரான்களை இழக்கும் வினை நிகழும் மின்வாய் என்பது. மின்னாற்றலைத் தானே பிறப்பிக்கும் தானியல் கலத்தில் அவ்வினை துத்தநாகத் தண்டில் நிகழ்கின்றது. எனவே அத்தண்டே அனோடு. அதுவே அக்கலத்தின் எதிர்மின் முனையும் ஆகும். இதனைத் தமிழில் எழுதப் புகுவோர், இக்கலத்தில் நேர்மின்வாய் எதிர்மின் முனையாகும் என்று எழுத வேண்டியவராகின்றனர்.

உந்துகளில் பயன்படும் ஈய மின்கலத்தில் இம்மயக்கம் இன்னும் மிகும். ஈயத் தகடு, மின்னைத் தரும்போது அனோடாகவும், மின்னேற்றும்போது கத்தோடாகவும் தொழில் மாறுகின்றது. ஆயினும் இரு காலத்தும் அஃது எதிர்மின் முனையே. தொழில் மாறுகின்றது, குறி மாறவில்லை. தொழிலைச் சுட்டிய சொல்லைக் குறியைச் சுட்டும் சொல்லாற் பெயர்த்தமையால், மாறுவதும் மாறாததும் ஒரே பெயருக்குள் அடைபட்டன. பாரடே விலக்க விரும்பிய நேர், எதிர் என்பனவற்றையே நாம் மீட்டும் உட்புகுத்தினோம் என்பது எண்ணத்தக்கது. இங்கு வேர்ப்பொருளைப் பெயர்த்ததும் இல்லை. வரையறையைப் பெயர்த்ததும் இல்லை. ஒரு கலத்தில் மட்டும் அமைந்த தன்மையையே முழுப் பொருளாகக் கொண்டதே பிழைக்குக் காரணம். ஈழத்துப் பாடநூல்கள் அனோட்டு, கதோட்டு என்று ஒலிபெயர்த்தே வழங்குவதனால் இவ்விடர்ப்பாட்டினின்று நீங்கின.

'ஆக்சிடேசன்', 'ரிடக்சன்' என்னும் இணைச்சொற்களும் இவ்வாறே ஆராயத்தக்கன. முன்னதனை ஆக்சிசனேற்றம் என்கின்றோம். ஆக்சிசன் சேர்தல் என்பது அச்சொல்லின் பழம்பொருளாதலின் தமிழாக்கம் வேர்க்கு முற்றும் ஒத்தது. ஆனால் இன்றைய வரையறை எலக்ட்ரான் இழத்தல் என்பது. சோடியம் குளோரின் வளியில் எரிந்து உப்பாகும் வினையில் ஆக்சிசன் சிறிதும் இல்லை. எனினும் சோடியம் ஆக்சிசனேற்றம் பெற்றது என்றே எழுதுகின்றோம். பின்னதாகிய 'ரிடக்சன்' என்பதற்கு மீளக் கொணர்தல் என்பது இலத்தீன் வேர்ப்பொருள். சுட்டு நீறாகிய கனிமத்தினின்று மாழையை அதன் முன்னைய நிலைக்கு மீட்டமையால் அப்பெயர் வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒடுக்கம் என்றது, அவ்வாங்கிலச் சொல் நாள்வழக்கிற் குறைத்தல் என்னும் பொருளிற் பயில்வது பற்றியே போலும். வேர்ப்பொருள் மீட்டல், வரையறை எலக்ட்ரான் ஏற்றல், தமிழ்ப்பெயர் ஒடுக்கம். ஏற்பதனை ஒடுங்குதல் என்று கூறும் சொல்லை மாணவன் எங்ஙனம் பொருத்திக்கொள்வான்? ஈழத்து வழக்காகிய தாழ்த்தல் என்பது இதனினும் பொருத்தமாக அமைந்தது. இவ்வினையில் ஆக்சிசனேற்ற எண் தாழ்கின்றது. ஆதலின் அச்சொல் இன்றைய வரையறையோடும் ஒத்துச் செல்கின்றது.

6. ஒரு தமிழ்ச்சொல் கூறும் சான்று

வேர் தெரியாவிடின் பொருள் விளங்காது என்பார்க்கு ஒரு சான்று காட்டுவோம். கனிமவியலில் 'கொரண்டம்' என்பது அலுமினிய ஆக்சைடாலான கனிமம். மோசு என்பார் வகுத்த கடினத்தன்மை அளவையில் வைரத்திற்கு எண் 10. இதற்கு எண் 9. செம்மணியும் நீலமணியும் இக்கனிமத்தின் வகைகளே. 1798-இல் கிரெவில் என்பார் இதனைப் பற்றி இலண்டன் அரச கழகத்தில் ஒரு கட்டுரை அளித்தார். ஆங்கில அகராதிகள் இச்சொல்லைக் குருந்தம் என்னும் தமிழ்ச்சொல்லோடு தொடர்புபடுத்துகின்றன. சேலம், நாமக்கல் வட்டாரங்களில் கிடைப்பது. சாணை பிடிப்பார் அறிந்த கல்.

உலகெங்கும் உள்ள கனிமவியலார் இச்சொல்லைச் சிறிதும் மயக்கமின்றி வழங்குகின்றனர். அவருள் தமிழறிந்தார் மிகச் சிலரே. குருந்தம் என்பதன் வேரை ஆராய்ந்து பொருள் கொள்வார் ஒருவரும் இலர். வரையறை உண்டு, அது போதுமானதாயிற்று. நம் சொல் அவர்க்கு இடுகுறியாய் நின்று செவ்வனே பயன்படுமாயின், அவர் சொல்லும் நமக்கு வேண்டுமிடத்து அவ்வாறு நிற்றல் இழுக்கன்று.

7. மறுப்பும் விடையும்

ஈண்டு ஒரு மறுப்பு எழும். பொருள் விளங்கும் சொற்களே மாணவன் நினைவில் நிற்கும். ஒலிபெயர்த்த சொற்கள் வெற்றொலியாய்ச் சுமையாகும். தாய்மொழியில் அறிவியல் பயில்வதன் பயனே பொருள் விளக்கம் அன்றோ என்பர் அறிஞர் பலர். இக்கூற்று வலிமையுடையது. தொலைநோக்கி, நுண்ணோக்கி, ஒளிச்சேர்க்கை முதலிய சொற்கள் இக்கூற்றின் உண்மையை நாள்தோறும் காட்டுகின்றன. அவற்றை விடுத்து ஒலிபெயர்ப்பையே நாட வேண்டும் என்பது நம் கருத்தன்று.

ஆயின் அக்கூற்றின் வலிமையே அதன் இடரும் ஆகின்றது. தமிழ்ச்சொல் பொருள் விளங்க நிற்றலின் மாணவன் அதனை நம்புகின்றான். ஆங்கில மாணவன் தன் கலைச்சொல்லை நம்புவதும் இல்லை, ஐயுறுவதும் இல்லை. வரையறையைக் கற்று அச்சொல்லோடு பொருத்துகின்றான். தமிழ் மாணவனோ சொல்லைக் கேட்ட அளவில் பொருள் விளங்கிற்று என்று கொள்கின்றான். வரையறையைத் தேடாது விடுகின்றான். சொல் மெய் கூறின் அவன் விரைந்து கற்பான். சொல் பொய் கூறின் தன் மொழியாலேயே ஏமாற்றப்படுவான். பின்னர் வரையறை முரணக் காணுங்கால், பிழை சொல்லினது என்று அவன் அறியான். தனக்கு அறிவியல் வாராது என்றோ, தமிழில் அறிவியல் இயலாது என்றோ முடிவு செய்வான். பின்னதைக் கூறுவார்க்கு நாமே சான்று அளித்தவராவோம். இச்சிக்கலை வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கலாகாமைக்கு இதுவே காரணம்.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் சில நெறிகள் பெறப்படும். அருகிய சொற்களுக்கும் அறிவியற் சொற்களுக்கும் பொருள் எழுதுவோர் வழக்குப்பொருளை முன்னும் வேர்ப்பொருளைப் பின்னும் வைத்தல் வேண்டும். வேர்ப்பொருள் இன்று பொருந்தாதாயின் அதனையும் உடன் குறித்தல் வேண்டும். வேர் வரலாற்றுக்கு உரியது. அதனை நீக்குதல் தகாது. ஒரு காலத்து அறிஞர் எங்ஙனம் எண்ணினர் என்பதற்கு அதுவே சான்று.

கலைச்சொல் ஆக்குவோர் முதற்கண் அச்சொல் எவ்வகைத்து என்று காணல் வேண்டும். கருவியின் தொழில், பொருளின் நிறம், வடிவு ஆகியவை பற்றி எழுந்த பெயர்களைத் தயங்காது தமிழிற் பெயர்க்கலாம். கொள்கை பற்றி எழுந்த பெயர்களில் அக்கொள்கை இன்றும் நிற்கின்றதா என்று ஆராய்ந்தே பெயர்த்தல் வேண்டும்; நில்லாததாயின் வேரை விடுத்து வரையறையினின்று புதுச்சொல் காணல் வேண்டும். அனோடு போலக் கொள்கையை வேண்டுமென்றே விலக்கிய பெயர்களில் அவ்விலக்கினை நாமும் போற்றுதல் வேண்டும். பொருத்தமான சொல் கிட்டாதவிடத்து ஒலிபெயர்த்துக் கொள்ளுதல் தாழ்வன்று. குருந்தத்தைப் பிறர் அவ்வாறே கொண்டனர்.

நேர்மின்வாய், ஒடுக்கம் என்னும் சொற்கள் பல தலைமுறை மாணவர் நாவிற் பயின்றுவிட்டன. அவற்றை ஒரே நாளில் மாற்றுதல் இயலாது. மாற்றினும் வேறு குழப்பம் விளையலாம். ஆனால் அவற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், முதல் வகுப்பிலேயே, இச்சொல்லின் உருவம் வேறு, இதன் வரையறை வேறு என்று ஒரு சொற்றொடரிற் கூறிவிடுதல் இயலும். எண்ணெயில் எள் இல்லாமை கண்டு மயங்காத மாணவன் அதனையும் எளிதில் உணர்வான். உணர்த்துதல் நம் கடமை.